மீசை முடி வைத்த படங்கள்

சரக்குக் கப்பல் வலம்புரி. உரிமையாளர் பேச்சிமுத்துவின் பதிவு.

நாள் 212, 06:10
எரிபொருள் 61 விழுக்காடு. சரக்கு: தக்காளி விதை, காற்று வடிகட்டி, ஓவியக்காரி சந்தனமாரி பெயரில் படம் பன்னிரண்டு. செவ்வாய்க் குடியிருப்புகளில் சன்னல் கிடையாது. வீட்டுக்கொரு படம் வேண்டும். இயந்திரம் வரைந்ததைச் சுவரில் ஏற்ற மாட்டார்கள். சாயத்தில் தூரிகை முடி ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார்கள். முடி இல்லையென்றால் போலி. அந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

நாள் 219, 14:32
செவ்வாயிலிருந்து செய்தி வந்தது:
"அண்ணாச்சி, சந்தனமாரி பேசுதேன். எம் படத்தையே போலிங்காவ. முடி இல்லையாம்! நீங்க வாங்கித் தந்த நைலான் பிரஷ் முடி கொட்டலன்னா நான் என்ன செய்ய? அடுத்த தடவ சொட்டை விழுத பிரஷ்ஷா வாங்கியாங்க. 226ஆம் நாள் மன்றத்துல விசாரணை. போலின்னுட்டா என்னயப் பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிருவாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."
அவளுக்கு நுரையீரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. சுரங்கம் தாங்காது.

நாள் 221, 09:05
எழுதிவிடுகிறேன். அவள் மாதத்துக்கு ஒன்று வரைவாள். கேட்பவர்கள் நாற்பது பேர். அவளுடைய முப்பது படங்களைக் காட்டிக் கப்பல் இயந்திரத்தைப் பழக்கினேன். அது வரைந்த ஒவ்வொன்றிலும் என் மீசையில் இரண்டு முடியை வெட்டி ஈரச் சாயத்தில் வைத்தேன். இதுவரை 412 படம். மனசு உறுத்தியதால்தான் அந்த நல்ல பிரஷ். உறுத்தலுக்குக்கூட நான் சரக்குதான் கொடுத்திருக்கிறேன்.

நாள் 223, 20:40
என் அறையில் அவள் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. நான் கிளாஸ் கழுவிய டீக்கடை. மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுத்தான் தூரிகையைத் தொட்டாள். அதில் ஒரு கிளாஸுக்கு விளிம்பு உடைந்திருக்கும். அதில் என் விரல் கிழிந்ததை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அதே கடையை இயந்திரம் எத்தனையோ முறை வரைந்தது. ஒரு கிளாஸும் உடையவில்லை. தெரிந்தேதான் விற்றேன்.
வாக்குமூலத்தைப் பதிந்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் எந்தத் துறைமுகத்திலும் என் கப்பலை அண்ட விடமாட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம்.

நாள் 225, 11:50
அனுப்பினேன். "படங்களில் இருப்பது என் மீசை முடி. சோதித்துப் பாருங்கள். அவள் படம்தான் அசல்." மூன்று முறை அனுப்பினேன். பதில் இல்லை. எனக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டது. இன்னும் பதினாறு நாள் எதுவும் போகாது, வராது. இது தெரியாதவனா நான்? சூரியன் மறைக்கும் நாள்களின் அட்டவணை என் மேசையில்தான் இருந்தது.

நாள் 225, 12:20
சூரியன் மறைக்கும் முன்பே கிளம்பிய செய்தி, இரைச்சலுக்குள் கடைசியாக வந்தது:
"அண்ணாச்சி... நீங்க எப்படியும் சொல்லிருவீங்கன்னு அவங்ககிட்ட... பந்தயம் கட்டிருக்..."

நாள் 226
விசாரணை முடிந்திருக்கும். காலையில் மீசையை மழித்தேன். யாராவது இதைப் படித்தால் அவள் பெயரை முதலில் சொல்லுங்கள்.
இயந்திரத்திடம் வரைவதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். திரையில் எழுத்து ஓடுகிறது: 'படம் 413 தயார். சாயம் ஈரமாக உள்ளது. முடி வைக்கவும்.'
மேலுதட்டைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு முடிகூட இல்லை.