அம்மா மடித்த பொட்டலம்

புனே,
திங்கட்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு, இசக்கிராஜா வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்திருக்கிறதா? நாகலாபுரத்தில் மழை விழுந்ததா?

எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஹோட்டலில் மாவரைக்கும்போது வலது கை கிரைண்டரில் லேசாக மாட்டிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். புதன்கிழமை சின்ன ஆபரேஷன்.

நேற்று வீடியோ காலில் இதைச் சொல்லாமல், சும்மா கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்றேன். “தாலி அறுத்தவ கை எதுக்குல? இந்தா, சித்தி நிக்கா” என்று போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டீர்கள். நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்றும் கதவுக்குப் பின்னால்தான் நின்றீர்கள். அப்பா போனதற்கு உங்கள் கை என்ன செய்யும் அம்மா? இந்தக் கடிதத்தையாவது நீங்களே எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

ஒற்றைக் கையால் பொத்தான் போட முடியவில்லை, பனியன் இரண்டு அனுப்புங்கள். கூடவே பத்திரகாளி கோயில் திருநீறும். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேராது, பரவாயில்லை. நீங்களே அள்ளி, நீங்களே மடியுங்கள். சித்தியை மடிக்கச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இருபது வருசம் தீப்பெட்டி ஒட்டிய கை மடித்தால் ஒரு துளி சிந்தாது. போன மாதப் பொட்டலம் பாதி சிந்திப்போய்த்தான் வந்தது.

கட்டு மாற்ற நர்ஸ் கூப்பிடுகிறார்.

இசக்கி