மொய்த் தட்டில் விழுந்த சீட்டு

மச்சான்,

இன்று காலை நூல் வாங்க வந்த எழுமலைக்காரர் ஒருவர் மடியிலிருந்து ராஜா தலை போட்ட ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். மஞ்சள் வாடை குப்பென்று அடித்தது. பானைக்குள் மஞ்சள் கிழங்கோடு போட்டு வைத்திருந்த நோட்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் பேங்கின் பணப்பெட்டியைத் திறந்தால் இதே வாடைதான் வரும். நோட்டைப் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நான் விழித்து நின்றதைப் பார்த்து, "கள்ள நோட்டு இல்லண்ணே!" என்று அந்த மனிதர் பதறிவிட்டார்.

நூல் விலை விழுந்து கிடந்த அந்த வருஷம் நீங்கள் மதுரைச் செல்லூருக்கு என் கடை தேடி வந்தீர்கள். எழுமலையில் பேங்குக் கிளை திறக்கிறார்கள், நான்தான் ஏஜெண்டு, நீ பங்கு வாங்கு என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வானம் பார்த்த பூமியில் கடலையும் பருத்தியும் போடுகிறவர்களை நம்பி ஒரு பேங்கா? மதுரையில் பெரிய மனிதர்களே கிராமம் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்களே என்று கேட்டேன்.

"வாங்குன மொய்யத் திருப்பிச் செய்யாம எங்க ஊர்ல ஒருத்தன் தெருவுல நடந்து பாத்திருக்கியா மாப்ள? அவுகளா பேங்குக் கடன ஏமாத்தப் போறாக?"

அக்காவின் புருஷன் கேட்டால் எப்படி மறுப்பது? மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்திருந்த பணம் அத்தனையையும் பங்கில் போட்டேன். போட்ட அன்று தூக்கமில்லை. ஆனால் முதல் லாப ஈவு வந்தபோது இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நூல் மூட்டைகளோடு நாளெல்லாம் மாரடித்து நான் கண்ட லாபத்தைவிட அது அதிகம். கடன் வாங்கியவர்கள் பருத்தி விற்ற கையோடு வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்பத்தான் முடியவில்லை.

அடுத்த ஆவணியில் உங்களைப் பார்க்க வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்க்கிறேன். பேங்கு வாசலில் ஊரே திரண்டு நிற்கிறது. எல்லோரும் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். போச்சு, என் மகள் கல்யாணம் போச்சு என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தால், நீங்கள் வெற்றிலை மென்றபடி பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்! அன்று விருமாயி வீட்டில் காதுகுத்து. புருஷன் போன பிறகு கடலைக்காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர், இரண்டு பையன்களுக்கும் ஒரே நாளில் காது குத்த ஏற்பாடு செய்திருந்தார். அத்தனை பேரும் மொய்க்காகத்தான் பணம் எடுக்க வந்திருந்தார்கள்.

என் மூச்சு திரும்புவதற்குள் பெட்டி காலியாகிவிட்டது. மதுரையிலிருந்து கூடுதலாகப் பணம் வரவழைத்திருக்க வேண்டாமா என்று கத்தினேன்.

"எம்புட்டு மொய் செய்வீகன்னு ஒருத்தர்ட்ட முன்கூட்டிக் கேட்டுட்டு, அவுக மூஞ்சியில முழிக்க முடியுமா மாப்ள?"

பேங்கு நடத்துகிறவர் சொல்லும் காரணமா இது? அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே அதற்குள், "பேங்கு முங்கிப்போச்சாம்டா!" என்று ஒரு குரல். மொய் செய்ய வந்தவர்கள் போக, வெறும் பயத்தில் ஓடி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான் நீங்கள் பேங்குத் தாளை எடுத்து மொய் செய்ய வந்த ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதினீர்கள்: இவர் கணக்கிலிருந்து இவ்வளவு, விருமாயி கணக்குக்கு. முத்திரை குத்திக் கையில் கொடுத்து, "இதத் தட்டுல வைங்க" என்றீர்கள். உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பந்தலில் முதல் சீட்டு தட்டில் விழுந்ததும் மொய் எழுதியவர் பேனாவை வைத்துவிட்டார். "காயிதத்த எப்புடி எழுதுறது?" மொய்யாகக் காகிதத்தை வைத்து அவமானப்படுத்திவிட்டார்கள் என்று விருமாயி ஒரு வார்த்தை சொன்னால், வைத்தவர்களுக்கும் தலைகுனிவு, பேங்குக்கும் அன்றோடு மூடுவிழா. உங்கள் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மெல்லுவது நின்றிருந்தது. உங்களுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

விருமாயி வந்து சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது.

"எழுதுண்ணே. நாளைக்கு நான் திருப்பிச் செய்யப் போறது இந்த மனுசனுக்குத்தான. துட்டுக்கா செய்யப் போறேன்?"

அதோடு விட்டாரா? அதுவரை தட்டில் விழுந்திருந்த ரொக்கம் முழுவதையும் வேட்டியில் மூட்டையாகக் கட்டி, "பேங்குல போட்ருங்க" என்று உங்கள் கையில் கொடுத்தார். காலையில் வாசல் வழியே போன நோட்டெல்லாம் பொழுது சாயுமுன் அதே வாசல் வழியே உள்ளே வந்தது. பயந்து நின்றவர்களை அழைத்து, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். பாதிப்பேர் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் நல்லபடியாகத்தானே போய்க்கொண்டிருந்தது மச்சான்? மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள் போவீர்கள் என்று யார் கண்டார்கள்? தந்தியைப் படித்துக் காட்டியவரிடம் சண்டைக்கே போனேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தச் சுற்றுவட்டாரமே வந்து அக்காவுக்கு மொய்யும் செய்முறையும் செய்தது. பேங்கில் உங்கள் நாற்காலியில் யாரோ ஒரு புது ஆள். அவரை நம்பி அக்கா பணத்தைப் போடக்கூடாது, வீட்டில் பூட்டி வை என்று சொல்வதற்காக மறுநாள் விடிந்ததும் போனேன். அக்கா வீட்டில் இல்லை. வெள்ளைச் சேலையோடு பேங்கில் நிற்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவள் பணத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது அவருக்கு வந்த மொய் தம்பி. இனி வார விசேசத்துக்கெல்லாம் இதுல எடுத்து நீதான் போயிச் செய்யணும்."

ஆகவே ஒவ்வொரு விசேஷத்துக்கும் கடையைப் பூட்டிவிட்டு எழுமலைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், மச்சான். நாளைக்கும் ஒரு கல்யாணம். பந்தலில் யார் பேருக்கு எழுதட்டும் என்று கேட்பார்கள். உங்கள் பேரைத்தான் சொல்கிறேன். இதுவரை ஒருவர்கூட, அவர்தான் இல்லையே என்று சொன்னதில்லை.