இன்னொரு டாக்டர் பார்க்கணும்

மார்ச் 3

இன்று முதல் எங்கள் பிரசவ வார்டில் புது விதி. உயிருக்கு நெருக்கடி இல்லாத சிசேரியனை ஒரே டாக்டர் முடிவு செய்யக் கூடாது; இன்னொருவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமை டாக்டராக நான் கொண்டுவந்தது. எதிர்த்த டாக்டர் ஒருவர்தான் — 'அவசரம்'. எடுத்ததற்கெல்லாம் கத்தியைத் தூக்குவதால் நர்ஸுகள் வைத்த பெயர்.

"என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"என் மேலயும்தான் இல்ல" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்கு. என் மேல் எனக்கு இல்லாத நம்பிக்கையா?

மார்ச் 19

வலியில் இருப்பவர்களை இப்போது படுத்தே கிடக்க விடுவதில்லை. நடக்கிறார்கள், கூடவே அம்மாவோ அக்காவோ. காரிடார் சந்தைக்கடை. ஆபரேஷன் தியேட்டர் காற்று வாங்குகிறது.

ஏப்ரல் 2

ஒரு குழந்தையின் துடிப்பு சரசரவென்று இறங்கியது. யாரையும் கேட்கவில்லை, உடனே ஆபரேஷன். இருவரும் நலம்.

ஏப்ரல் 11

தங்கச்சி பிரசவத்துக்கு என்னிடமே வருகிறாள். முதல் பிள்ளை வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். "இந்தத் தடவை நானே பெத்துக்கணும்க்கா." பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு, சொன்னேன். பரிசோதித்ததில் முயன்று பார்க்கலாம் என்றுதான் தெரிகிறது. நான் இருக்கும்போது என்ன?

மே 6

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

மதியத்திலிருந்து தங்கச்சிக்கு வலி. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் "அக்கா, முடியல" என்றாள். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டதுதான். ஆனா இவ என் தங்கச்சியாச்சே. தையல் விட்டுட்டா? அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன்.

நர்ஸ் நகரவில்லை. "இன்னொரு டாக்டர் பார்க்கணுமே மேடம்."

டியூட்டியில் இருந்தவர் 'அவசரம்' டாக்டர். நல்லதாய்ப் போயிற்று, உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். துடிப்பைக் கேட்டார். தையல் பக்கம் வலிக்கிறதா என்று அவளையே கேட்டார். பிறகு என்னிடம், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவசரப்படாதீங்க."

யார் யாரைப் பார்த்துச் சொல்றது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப நீங்க டாக்டர் இல்ல மேடம், அக்கா. போய் அவங்க கையைப் பிடிச்சுக்குங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பிடித்துக்கொண்டேன். பெண் குழந்தை. அவளே பெற்றாள். நான் தேம்பி அழுததை வார்டே பார்த்தது. பார்க்கட்டும்.

மே 9

விதியில் ஒரு வரி கூடியிருக்கிறது: சொந்தக்காரர்களின் பிரசவத்தில் எந்த டாக்டரும் முடிவெடுக்கக் கூடாது. எழுதிக் கொண்டுவந்தவர் 'அவசரம்'. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.