ரோதைமுனியிடம் போன மாத்திரை

2024 ஜனவரி 23
கட்டின மச்சானோடு நுவரெலியா கிளினிக்கிற்குப் போய் வந்தேன். அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததிலிருந்து மருந்து போடுகிறார். எனக்கு இல்லை; இன்றும் இரத்தம் பார்த்து இல்லை என்றார்கள்.

"புள்ளையும் வேணும் டொக்டர், எனக்கு இது வரவும் கூடாது" என்று பட்டென்று கேட்டுவிட்டேன். மச்சான் தலையைத் தூக்கவே இல்லை. டொக்டர் சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு போத்தல் கொடுத்தார். கிருமி வராமல் தடுக்கிற மாத்திரை, தினமும் ஒன்று. மச்சானின் இரத்தத்தில் கிருமி காணாத அளவுக்கு அடங்கும் வரை ஆணுறையும் வேண்டுமாம். பிறகு பிள்ளைக்குப் பார்க்கலாமாம்.

பிறகு பார்க்கலாம்! பஸ்ஸில் கடலை வடை தின்றபடி இதையே அவர் காதில் ஓதிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 30
மாத்திரை புதிது, அதுதான் குமட்டுகிறது. அத்தை காளியாயிக்கு அது போதும். "எம் மருமக முழுகாம இருக்கா"ன்னு லயத்து வீடு பூராவும் சொல்லியாச்சு. மாங்காய் வேறு வாங்கி வந்திருக்கிறார். மகனுக்கு இப்படி ஒரு நோய் வருத்தம் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் என்னத்தைச் சொல்ல?

பிப்ரவரி 8
வீட்டுக்குத் தூரமானேன். அத்தை மாங்காயை வெட்டி ஊறுகாய் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 14
போத்தலைக் காணோம்! அரிசி வாளி, துணி மூட்டை, சாமிப் படத்துக்குப் பின்னால் — எங்கேயும் இல்லை.

"தேடாத" என்றார் அத்தை. "கரு தங்கக் கூடாதுன்னுதானே தினம் அத முழுங்குற? ரோதமுனிகிட்ட குடுத்துட்டேன். அவரு பாத்துக்குவாரு."

ரோதைமுனி எங்கள் தேயிலை பெக்டரி வாசலில் நின்று ரோதைச் சக்கரங்களைக் காக்கிற சாமி. அவர் காலடியில் வைத்ததை யாரும் தொட மாட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம்! வாயைத் திறந்தா மச்சான் கத வெளிய வந்துரும். ஐயோ, யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? இப்படியும் ஒரு மாமியாரா? போனில் மச்சானிடம் அழுதேன். "நான் வாரேன். நானே சொல்றேன்" என்றார்.

பிப்ரவரி 15
நேற்று சந்தை வேலையைப் பாதியில் விட்டு வந்துவிட்டார். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "வருத்தம் எனக்குத்தாம்மா. அது வினோதாவுக்கு வந்துரக் கூடாதுன்னுதான் அந்த மாத்திர. பேரப்புள்ளய பாக்கணும்னா அது வேணும்."

அத்தை எழுந்து போய் மச்சானின் தட்டை எடுத்தார். தனியாக ஒதுக்கி வைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சோற்றைப் போட்டுப் பிசைந்து மகனுக்கு ஒரு வாய் ஊட்டினார். அதே தட்டிலிருந்து தானும் ஒரு வாய் தின்றார். அப்புறம்தான் அழுதார். மூன்று பேரும் அழுதோம். எனக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

இன்று காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் அத்தை தேங்காயோடு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். "சாமி, குடுத்தத திருப்பிக் கேக்குறேன்னு கோவிச்சுக்காத. புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டேன். எம் மருமகளுக்கு வேணுமாம்." தேங்காயை உடைத்தார். போத்தலை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அங்கேயே ஒன்றை விழுங்கினேன். போனில் கேட்டதற்குக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸும் "பயப்படாதீங்க, இனி விடாம போடுங்க" என்றார்.

மார்ச் 3
மலையில் கொழுந்து எடுக்கும்போது மேல் வரிசையிலிருந்து அத்தை சத்தம் போடுகிறார்: "ஏய் வினோதா, மாத்திர போட்டியா?" பக்கத்து நிரை நாகலெட்சுமி அக்கா, "என்னடி, சத்து மாத்திரையா?" என்று கேட்டார். "ஆமாக்கா, நல்ல சத்து" என்றேன்.

ஜூலை 9
மச்சானின் கிருமி காணாத அளவுக்கு வந்துவிட்டது! டொக்டர் இரத்த ரிப்போட் கடதாசியைக் காட்டியதும் மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனிப் பிள்ளைக்குப் பார்க்கலாமாம். இந்த அளவு இருந்தால் அவரிடமிருந்து எனக்கு வராதாம். இருந்தாலும் என் மாத்திரையை இப்போதைக்கு நிறுத்த வேண்டாமாம். நிறுத்துவேனா? பஸ்ஸில் மனுசன் வெட்கத்தில் என் பக்கமே திரும்பவில்லை.

அக்டோபர் 17
போன வாரம் கிளினிக்கில் எனக்குக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை.

இன்று காலை மாத்திரை போட்ட பிறகு குமட்டியது. இது பழகின மாத்திரையாச்சே? நாள் வேறு தள்ளிப் போயிருக்கிறது. அத்தையின் மாங்காய் ஊறுகாயைத் திறந்து குசினி அடுப்படியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். அத்தை வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார், போத்தலையும் பார்த்தார்.

இந்த முறை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேங்காயை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பெக்டரிப் பக்கம் நடந்தார்.