மயக்க மருந்துக்கு முன் பால் கிடையாது

என்னங்க, பாப்பா எழுந்ததும் பால் கேட்பாள். கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றில்தான் மயக்க மருந்து என்று பல் டாக்டர் சொன்னபோது பெரிய மனுஷராகத் தலையாட்டிவிட்டு, போன வாரம் "குழந்தை அழுதா மனசு கேக்கலம்மா" என்று பிஸ்கட் கொடுத்தீர்கள். வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மயக்கம் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் மேனேஜர் முதல் லிஃப்ட் மெக்கானிக் வரை கருத்துக் கேட்டாயிற்று. முதல் தடவை மயக்கமில்லாமல் பல் பார்க்க, நம் நாலு வயதுக் குழந்தையை மூன்று பேர் அமுக்கிப் பிடித்ததைப் பார்த்தோமே, அது போதும். சம்மதக் கையெழுத்து போட்டுவிட்டேன்.

பிளாஸ்கில் காபி இருக்கிறது. அவள் கண்ணில் படாமல் குடியுங்கள். நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்; ஷிப்ட் முடிந்து காலை பத்து மணிக்கு நான் நேரே கிளினிக் வருகிறேன்.

பி.கு.: எனக்கும் பயம்தான். உங்களை எழுப்பியிருந்தால் "இன்னொரு தடவை யோசிப்போமா?" என்பீர்கள். நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் சீட்டு.