பிறையில் ஒரு மணி நேரம்

ஜார்ஜ் டவுன்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள லைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஷாஹிராவும் சுகம். உன் உம்மா, என் மாமி, மவுத்தாகி இன்றோடு பதினெட்டு நாள். அந்த வீட்டிலிருந்து நீ இன்னும் திரும்பவில்லை, போனையும் எடுப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நாளை ஷாஹிரா சுங்கை பட்டாணிக்கு வரும்போது கொடுப்பாள். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

வீட்டில் அவள்தான் சமைக்கிறாள். மீன் குழம்பு பரவாயில்லை, உப்புதான் இன்னும் அவள் கைக்கு அடங்கவில்லை. உன் மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு தடவை மறந்துவிட்டேன்.

கார் பழுது பார்த்து வந்துவிட்டது. அந்தப் பேச்சே உனக்குக் கசக்கும், தெரியும். நோன்புக்கு முன்னால் மெக்கானிக் முஸ்தஃபா சொன்னதை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சுண்ணே, டைமிங் பெல்ட்ட மாத்திடுங்க, அது சொல்லிட்டு அறுந்து போகாது, அறுந்தா இன்ஜினே போயிடும்லா என்றான். வாட்டர் பம்போடு சேர்த்து, கூலியோடு எழுநூற்று எண்பது வெள்ளி கேட்டான். ஆன்லைனில் பெல்ட் நூற்றிருபதுதான் என்று போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நாலு பேர் முன்னால் அவனைக் கொள்ளைக்காரன் என்றேன். சவுராஸ்தா மார்க்கெட்டில் முப்பது வருடமாகக் கைலி விற்கிறவன் நான். ஐம்பது வெள்ளிக் கைலிக்கு எண்பது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் விலை சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மாமி மவுத்தான அன்று காலை, நாம் சுங்கை பட்டாணிக்குப் போகும் வழியில் பாலத்தின் நடுவில் கார் சத்தமில்லாமல் நின்றதே, அறுந்தது அந்த பெல்ட்தான். அதுவரைக்கும் கூட அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாலத்துக்கு அக்கரையில், பிறை ஊரில் நடந்ததற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இழுவை லாரி நம்மைப் பிறையில் ஒரு பட்டறையில் இறக்கியபோது மணி பத்து. உன் அண்ணன் ஷேக் அலாவுதீன் போன் போட்டு, குளிப்பாட்டுவதற்குப் பதினொரு மணி வரை காத்திருக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். கேக்கிறதக் குடுத்துட்டு வாங்க, இல்லாட்டி காடிய இங்கயே போட்டுட்டு வாங்க என்றாய். பத்து நிமிடம் என்றேன். அப்ப நான் மட்டும் போறேன் என்றாய். மருமகன் இல்லாமல் மகள் தனியாக வந்து இறங்கினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அதையும் தடுத்தேன். தன்னை நீதான் குளிப்பாட்ட வேண்டும், வேறு கை படக் கூடாது என்று மாமி உன்னிடம் கேட்டபோது நானும் அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன், லைலா. தெரிந்தேதான் விலை பேசப் போனேன்.

அவர்கள் ஆறாயிரத்து ஐநூறு கேட்டார்கள். ஒரு மணி நேரம் போராடி நாலாயிரத்து எண்ணூறுக்குக் கொண்டுவந்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பை நீ பார்த்தாய். போனை நீட்டினாய். குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டோம் என்று உன் அண்ணன் அனுப்பியிருந்தார்.

நாம் போய்ச் சேர்ந்தபோது கஃபன் துணி கட்டி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். குளிப்பாட்டியது உன் அண்ணி நூர் ஃபாத்திஹா. நீ மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாய். கண்ணை மூடினால் எனக்கு அதுதான் வருகிறது.

நாலு நாள் கழித்து வெட்கத்தை விட்டு முஸ்தஃபாவைக் கூப்பிட்டேன். அவன் பழசை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவனே பிறைக்கு வந்து, அங்கே இன்னும் கை வைக்காமல் கிடந்த காரை ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் பட்டறைக்குக் கொண்டுபோனான். என் கண் முன்னால் இன்ஜினைத் திறந்து, வளைந்துபோன எட்டு வால்வையும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் காட்டினான். சாமானுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றான். அப்படியே எண்ணிக் கொடுத்தேன். என்னண்ணே, கொறைக்கக் கேக்கலயா, ஒடம்பு சரியில்லயா என்று கேட்டான். அவன் பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். அவன் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நான் ஏமாறக் கூடாது, அவ்வளவுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. உனக்குக் கிடைக்க வேண்டியதை அதற்காக விட்டுவிட்டேன். இதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அன்றைக்கும் நீ என்னைத் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை. இருபத்தாறு வருடத்தில் சோற்றில் முடி இருந்ததற்குக் கூட நான் கத்தியிருக்கிறேன். நீ ஒரு தடவை கத்து. உன் அண்ணன், அண்ணி எல்லார் முன்னாலும் என்றாலும் சரி. காரை எடுக்காமல், நாளை ஷாஹிரா வரும் பஸ்ஸில் நானும் வருவேன், வாசலுக்கு வெளியே நிற்பேன். நீ கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன். கூப்பிடாவிட்டால் அடுத்த வாரமும் வந்து நிற்பேன்.

மாமியின் கபரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. உன் மனதுக்கு அவன் ஆறுதல் தருவானாக. நேரத்துக்குச் சாப்பிடு, லைலா.

உன்,
ஹபீப் முகம்மது