தலைகீழாக வாசிக்கும் மகளுக்கு மறுபரீட்சை கேட்டு

அனுப்புநர்:
பாக்கியம் வேதமுத்து,
டிரஸர் வீடு, புக்கிட் செராயா தோட்டம்,
லாபிஸ், ஜொகூர்.

பெறுநர்:
பள்ளிக்கூடப் பரீட்சைகளின் தலைமை அதிகாரி அவர்கள்,
ஜொகூர் பாரு.

பொருள்: வீட்டில் படித்த என் மகள் அருமைக்கனிக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதப்பட்டது பற்றி; அவளை மறுபடி சோதிக்க வேண்டுவது பற்றி.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் இத்தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வேதமுத்துவின் மனைவி. கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்தேன். நாங்கள் இங்கே வந்தபோது தோட்டத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே இரண்டு பையன்களுக்கும் கடைக்குட்டி அருமைக்கனிக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் திறந்த பள்ளிக்கூடமும் இரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அருமைக்கனிக்கு வயது பதினொன்று. மூவாரில் உள்ள ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் வரும் ஜனவரியில் அவளை நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் சோதித்துத் தகுதி எழுதித் தரவேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது.

2. அதற்காகத் தங்களிடமிருந்து சென்ற மாதம் ஓர் இளம் அதிகாரி வந்தார். தங்கமான பிள்ளை. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அருமைக்கனியை ஆபீஸ் வராந்தாவுக்கு அழைத்துப்போய்த் தனியாகச் சோதித்தார். பிறகு, "வாசிக்கத் தெரியாது. எல்லாம் மனப்பாடம். முதல் வகுப்புக்கே தகுதி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் வகுப்பில் இடம் தர விடுதியால் முடியாதாம். அந்தத் தீர்ப்பு நின்றால் என் மகளின் படிப்பும் நின்றது.

3. நடந்ததை மகளும், வராந்தா ஓரத்தில் தோட்டத்துத் துரைக்காகக் காத்திருந்த கங்காணி ஐயாசாமியும் எனக்குச் சொன்னார்கள். அதிகாரி ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். இவள் வாங்கிய கையோடு அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்திருக்கிறாள். யாருக்கும் கிளிப்பிள்ளை என்றுதான் தோன்றும். அவரை நான் குறை சொல்லவில்லை.

4. விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் வேதப்புத்தகம் ஒன்றே. சாயங்கால ஜெபத்தில் அது என் கணவர் முன்னால் விளக்கடியில் இருக்கும். அவருக்கு இரண்டு பக்கமும் பையன்கள். சின்னவளுக்கு மிஞ்சியது எதிர்ப்பக்கம். அவர்கள் ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்பதை எதிரிலிருந்து பார்த்துப் பார்த்தே, நான் அரிச்சுவடி எடுக்குமுன் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தை நேராக வைத்தால் தெரியாமலில்லை. ஆனால் எழுத்துக்கூட்டித்தான் போவாள். "நேரா வச்சா எல்லாம் கவுந்து கெடக்கும்மா" என்பாள். வீட்டில் இது ஒரு வேடிக்கையாகவே இருந்துவிட்டது. வந்தவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. அவர் கொடுத்த பாடம், ஒரு விதவையின் நிலத்தை அரசனுடைய ஆட்கள் பிடுங்கிக்கொண்டதும், விஷயம் தெரிந்த அரசன் நிலத்தைத் திருப்பித் தந்து பசுவும் ஒன்று கொடுத்ததுமான கதை. புத்தகம் இவ்வருஷம் வந்ததாம். எங்கள் வீட்டு வாசலை அது மிதித்ததில்லை. பசு எதற்கு என்று அதிகாரி கேட்டார். அரசன் நீதிமான் ஆகையால் என்று புத்தகத்தில் இருக்கிறது. இவளோ, "நெலம் அந்தம்மாவோடதுதானே, அதத் திருப்பிக் குடுத்தா ஆச்சா? அவங்க அழுததுக்கு யாரு குடுக்கறது? அதுக்குத்தான் பசு" என்றாளாம். பாடத்தில் இல்லாததைச் சொல்கிறாள் என்று அதையும் தவறாகவே எடுத்துக்கொண்டார். ஐயா, புத்தகத்தில் உள்ளபடி வாசித்தால் மனப்பாடம், சொந்தமாகச் சொன்னால் படிக்கவில்லை என்றால் பிள்ளை எந்தப் பக்கம்தான் போவாள்?

6. சரித்திரத்தில் நான் வாதாடப் போவதில்லை. இந்த ஜொகூர் தேசத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை. தெரிந்த சரித்திரம் சொல் என்றதும், வேதப்புத்தகத்தில் வரும், எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த ஜனங்களைப் பற்றித் தொடங்கிவிட்டாள். அங்கே வேலை வாங்கிய ஆளோட்டிகள் யார் என்பதற்கு, "நம்ம கங்காணி மாதிரி, ஆனா ரொம்ப மோசமானவங்க" என்று விளக்கமும் கொடுத்தாள். ஐயாசாமிக்கு அதில் கோபமில்லை. "என்னைய நல்லவன்னு சொல்லிட்டாம்மா" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்நாட்டுச் சரித்திரத்தை ஜனவரிக்குள் கற்றுக்கொடுத்துவிடுகிறேன். ஏற்ற புத்தகம் இருந்தால் ஒன்று அனுப்பிவையுங்கள். எந்தப் பக்கமிருந்து வாசிப்பாள் என்பது இப்போது தங்களுக்கும் தெரியும்.

7. அன்று முதல் அவள் ஜெபத்தில் எதிரே உட்காருவதில்லை. தகப்பனார் தோளோடு ஒட்டிக்கொண்டு, நேராக வாசித்துப் பழகுகிறேன் என்று திக்கித் திணறுகிறாள். முந்தாநாள் என்னிடம், "அம்மா, இத்தன நாளு நான் படிச்சது படிப்பு இல்லையா?" என்று கேட்டு அழுதாள். அதற்குப் பதில்தான் இந்த மனு.

8. ஆகையால் தாங்களோ, அந்த அதிகாரியோ இன்னொரு தடவை வந்து, அவள் கண்டிராத புத்தகம் எதையாவது கொடுத்து, அவளுக்குத் தோதான பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லி, பொருளும் கேட்டுப் பார்க்கும்படி பணிவோடு வேண்டுகிறேன். நேராக வாசிப்பதும் வந்துவிடும். அதுவரை நாலாம் வகுப்பு இடம் கைவிட்டுப் போகாமலிருக்க விடுதிக்கு ஒரு வரி எழுதினால் போதும். பசு வேண்டாம். மோர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

9. இதை நான் எழுத எழுத, அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வருகிறாள். ஏழாம் பாராவில் ஒரு சொல்லை அடித்துவிடச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. சாட்சிக் கையெழுத்தை அவள் தன் பக்கத்திலிருந்தே போடுகிறாள். தாளைத் திருப்பி வைத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: லாபிஸ்
தேதி: 12 நவம்பர் 1934

தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
பாக்கியம் வேதமுத்து

சாட்சி: அம்மா எழுதினது எல்லாம் எதிர்ப்பக்கமிருந்து வாசித்தேன். எல்லாம் சரி. நான் அழவில்லை.
வே. அருமைக்கனி